கிளி பயப்படாத இடம்

ஒரே ஒரு காட்டிலே ஒரே ஒரு மனுசன் இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு பெண்டாட்டியாம். அந்தக் காட்டுக்கு மட்டும் ஓராயிரம் கிளியாம். இப்படி ஆரம்பித்தால்தான் அண்ணாச்சி, நீங்க இதைக் கதை என்று கேட்பீங்க. நேரடியாகச் சொன்னால், “என்னய்யா, பொம்பளை ஒருத்தி காட்டுக்குள்ளே நின்று இந்தத் திட்டு திட்டுகிறாளே, யாரும் போய்க் கேட்க மாட்டீங்களா?” என்பீங்க. இப்போது வந்ததும் வராததுமாக அதைத்தானே கேட்டீங்க.

உட்காருங்க. துண்டை விரித்து உட்காருங்க, இந்தக் கல்லில் எறும்பு ஊரும். புதூரில் இருந்து வந்து இங்கேயே திரும்பிப் போகிற வண்டி எட்டரைக்கு. எட்டரைக்கு என்றால் ஒன்பதுக்கு. எட்டரைக்கே வந்துவிட்டால் டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தலையைக் கவிழ்த்து நிற்கிறதே சூரியகாந்தி, அது நம்ம காடு. மூன்று ஏக்கர். நடுவிலே ஒரு கம்பு தெரிகிறதா? அதன் உச்சியில் கல்யாண வீட்டில் கட்டுகிற மாதிரி ஒரு கூம்பு ஸ்பீக்கர். கீழே ஒரு பெட்டி, அதற்கு ஒரு பேட்டரி. அங்கே பொம்பளையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் குரல். இருங்க, மறுபடி முதலில் இருந்து வரும்.

“ஏ மனுசா! உமக்குக் காது இருக்கா, இல்ல அதையும் அறுத்துக் கிளிக்குப் போட்டுட்டீரா?”

கேட்டீங்களா? அதுதான் சீனித்தாய். என் வீட்டுக்காரி. என் பேர் வெயிலுமுத்து. முன்னால் என்னை இந்த ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது ரோட்டோரம் ஏழெட்டு ஊருக்குத் தெரியும்.

சூரியகாந்தி போட்டவனுக்குத்தான் அண்ணாச்சி கிளி என்றால் என்னவென்று தெரியும். படத்தில் பார்க்கிறவங்களுக்கு அழகு. போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் பூ பூத்தது, மணி கட்டியது, நான் அரிவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு போனால் மூன்று ஏக்கரும் சாப்பிட்டு வைத்த தட்டு மாதிரி நிற்கிறது. வலை போட்டுப் பிடிக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது. விஷம் வைக்க எனக்கே மனசில்லை. விரட்டலாம். அவ்வளவுதான். இந்த வருசமும் போச்சென்றால் நிலத்தை எவனுக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு நான் திருப்பூரில் மகள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டியதுதான்.

தகரத்தைத் தட்டினேன். கை வீங்கினது. பழைய கேசட்டு நாடாவை உருவிக் குறுக்கும் நெடுக்கும் கட்டினேன். காற்றில் விர்ரென்று இரையும், கிளி பயப்படும் என்றார்கள். ரெண்டு நாள் பயந்தது. மூன்றாம் நாள் அதில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடியது. தீபாவளிக்கு மிஞ்சின வெடியைப் போட்டேன். பக்கத்துக் காட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, கிளி ஓடவில்லை. பொம்மை ஒன்று செய்து என் பழைய சட்டையை மாட்டி நிறுத்தினேன். அதன் தோளில் நாலு கிளி உட்கார்ந்து உரித்துத் தின்கிறது. சீனித்தாய் பார்த்துவிட்டு, “உங்க சட்டையைப் போட்டா வேற எப்படி இருக்கும்? உங்களைக் கண்டு எவன் பயந்தான்?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

அப்புறம் மார்கழிக் கடைசியில் ஒரு காலை. இதே மாதிரி வெயில் ஏறுகிற நேரம். அவள் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். வரப்பில் வைத்தாள். என்னமோ சொல்ல ஆரம்பித்தாள். குரல் ஏறியது. ஏறியதுதான் தாமதம், காட்டில் இருந்த அத்தனை கிளியும் ஒரே கொத்தாக எழும்பிப் பச்சையாக வானத்தில் போகிறது! இருநூறு இருக்கும், முந்நூறு இருக்கும். ஒன்று கூடத் திரும்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அவள் என்ன சொன்னாள் என்றா? அதை யார் கேட்டது? நான் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தக் குரலைப் பிடிக்க வேண்டும். செல்போனை நீட்டி, “ஏ சீனி, இதுல கொஞ்சம் திட்டு” என்றேன். “யாரை?” என்றாள். “கிளியைத்தான்.” முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள், தொண்டையைச் செருமினாள், “கிளிகளே, தயவு செஞ்சு எல்லாரும் கிளம்புங்க. போயிட்டு வாங்க” என்றாள். போயிட்டு வாங்களாம்! கிளியை வழியனுப்பி வைக்கிறாள் அண்ணாச்சி! நாலு தடவை எடுத்தேன். நாலு தடவையும் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரியே பேசினாள். அதைப் போட்டால் பக்கத்து ஊர்க் கிளியும் வந்துவிடும்.

அப்போதுதான் புரிந்தது. சொல்லித் திட்ட வைக்க முடியாது. அவளாகத் திட்ட வேண்டும். அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். நல்லதாக, பெரியதாக.

இருங்க, இப்போது வரும் பாருங்க. “புதுச் சட்டை...” ஆங். “புதுச் சட்டையைக் கொண்டாந்து வைக்கோலுக்குப் போட்டிருக்கீரே, வைக்கோலுக்குப் போட்டிருக்கீரே!” ரெண்டு தடவை சொல்வாள். ரெண்டாவது தடவைக்கு மிச்சமிருக்கிற கிளியும் போய்விடும். நல்ல இடம் அது.

சட்டைக் கதை என்னவென்றால், தை மாதம் அவள் தம்பி மாரிக்கனியின் மகளுக்குக் கல்யாணம். நீங்க போகிற அதே புதூரில்தான். சீனித்தாய்க்கு ஒரே தம்பி, தம்பிக்கு ஒரே மகள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் நான் வெளியூர் விசேஷம் எதற்கும் போனது கிடையாது. காட்டை யார் பார்த்துக்கொள்வது? விதைத்தால் எறும்பு, முளைத்தால் ஆடு, பூத்தால் கிளி. அவளே போவாள், மொய் எழுதுவாள், வருவாள். மகள் கல்யாணத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்காதீங்க. அது நம்ம ஊர்ச் சாவடியில் நடந்தது, காட்டில் இருந்து கூப்பிடுகிற தூரம்தான். தாலி கட்டுகிற நேரத்துக்குக் கூப்பிட்டார்கள், ஓடிப்போய் நின்றேன்.

இந்தத் தடவை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவள் என் வாயாலேயே மூன்று தடவை சொல்ல வைத்தாள். எனக்கு ஒரு சட்டையும் வாங்கி வந்தாள். வெந்தய நிறம், முழுக்கை. என்னைப் போட்டுக் காட்டச் சொல்லி, பித்தானை அவளே மாட்டிவிட்டு, ரெண்டு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தாள்.

நான் என்ன செய்தேன்? அந்தச் சட்டையை எடுத்துப் பொம்மைக்கு மாட்டினேன். செல்போனில் பதிவை ஓடவிட்டு அந்தச் சட்டைப் பைக்குள்ளே போட்டேன். பதினைந்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். கஞ்சி வருகிற நேரம். என்ன மூளை பாருங்க! எந்தப் படிப்பு படித்தவனுக்கு இது தோன்றும்?

வந்தாள். பொம்மையைப் பார்த்தாள். தூக்குச்சட்டி கையில் இருந்து விழவில்லை, அவளே கீழே வைத்தாள், மெதுவாக. என்னைப் பார்த்து, “கல்யாணம்?” என்றாள். “எப்படி வர? மணி கட்டுத நேரம்லா?” என்றேன்.

பதினோரு நிமிசம் அண்ணாச்சி. ஒரு சொல் தடங்கல் இல்லை. அதிலும் என்னைப் பார்த்துத் திட்டவில்லை, பொம்மையைப் பார்த்தே திட்டினாள். அதனால் குரல் அட்சர சுத்தமாகப் பதிவாகிவிட்டது. எனக்கு அதிர்ஷ்டம்.

மறுநாள் ஸ்பீக்கர் கட்டினேன். போட்டேன். பத்து நிமிசம் காட்டில் ஒரு கிளி இல்லை. ஆனால் ஒரு சிக்கல். கடைசி ஒரு நிமிசத்தில் அத்தனையும் திரும்பி வந்து உட்காருகிறது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே இடம். என்னடா என்று பக்கத்தில் நின்று கவனித்தேன். கடைசியில் அவளுக்குக் குரல் இறங்கிவிடுகிறது. கோபத்தில் ‘நீரு’ என்று பேசுகிறவள் அந்த இடத்தில் ‘நீங்க’ என்று மாறிவிடுகிறாள். ‘நீங்க’ வந்தால் கிளியும் வந்துவிடுகிறது. மூக்கை வேறு உறிஞ்சுகிறாள். அதற்குக் கிளி பயப்படுமா? பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிறது.

செல்போன் கடை அந்தோணியிடம் கொண்டுபோனேன். “அண்ணே, இதையா வெட்டச் சொல்லுதீங்க?” என்று ரெண்டு தடவை கேட்டான். “கிளி பயப்படலைப்பா” என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். சின்ன வயசு, விவசாயம் தெரியாது. வெட்டினான். வெட்டின துண்டைத் தனியாக ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டு, “இதையும் வச்சுக்கிடுங்க” என்று கொடுத்தான். இதோ, பையில் கிடக்கிறது. தூக்கிப்போட மறந்துவிட்டேன்.

இதெல்லாம் நடக்கையில் அவள் ஊரில் இல்லை, திட்டின அன்றைக்கே புதூர் போய்விட்டாள். அப்போது பொங்கல் முடிந்திருந்தது. பை எடுத்துக்கொண்டு இதே கல்லில் வந்து உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கம் வரப்பில் நின்று கை காட்டினேன். பஸ் குறுக்கே வந்துவிட்டது, அவள் காட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை.

அவள் இல்லாத நாலு நாளில் அண்ணாச்சி, நான் பெரிய ஆளாகிவிட்டேன்! முதலில் பக்கத்துக் காட்டுக் கந்தவேல் வந்தான், எனக்கும் ஒரு பிரதி கொடு என்றான். அவன் கம்பு விதைத்த காட்டில் போட்டான். அப்புறம் மக்காச்சோளக்காரன், அப்புறம் இன்னொரு சூரியகாந்திக்காரன். கார்டைக் கொண்டுவந்து நீட்டினவனுக்கெல்லாம் கொடுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. இங்கே இருந்து புதூர் வரைக்கும் ரோட்டோரத்தில் பதினோரு காடு. காலையில் ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒன்றாக ஆரம்பிப்பாள். “ஏ மனுசா!” என்று இங்கே கூப்பிட்டால் அடுத்த காட்டில் “ஏ மனுசா!” ஊரில் ஆம்பிளைகள் எல்லாரும் அந்த நாலு நாளும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

விவசாய ஆபீசர் அம்மா ஜீப்பில் வந்தாங்க. காதைப் பொத்திக்கொண்டு நின்று முழுவதும் கேட்டாங்க. “இது எத்தனை டெசிபல்?” என்றாங்க. “இருபத்தாறு வருசம்மா” என்றேன். படிவத்தில் ‘உபகரணம்’ என்ற இடத்தில் ‘உள்ளூர் ஒலி’ என்று எழுதிக்கொண்டாங்க. முன்னோடி உழவர் என்று கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “எல்லாம் என் சொந்த முயற்சி” என்றேன். கை தட்டினார்கள்.

அவள் திரும்பி வந்தது அதற்கு மறுநாள்.

அதை நான் கண்ணால் பார்க்கவில்லை, கண்டக்டர்தான் அப்புறம் சொன்னான். பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் ஜன்னல் வழியாக அவள் குரல் உள்ளே வந்திருக்கிறது. முதல் காட்டில் யாரோ என்று இருந்திருக்கிறாள். ரெண்டாவது காட்டில் ஜன்னலை மூடியிருக்கிறாள். கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்க, இவள் ஊர் பேரைச் சொல்ல, அவன் குரலைப் பிடித்துவிட்டான். “அடடே, காட்டுல பேசுத அக்கால்லா நீங்க! ஏக்கா, அந்தச் சட்டை கடைசில என்னாச்சு?” என்று கேட்டிருக்கிறான். பஸ்ஸே எழுந்து நின்று பார்த்திருக்கிறது.

எவ்வளவு பெரிய பேர் பாருங்க! சினிமாக்காரிக்குக் கூட பஸ் எழுந்து நிற்காது. இவளுக்கு அந்தப் பெருமையே தெரியவில்லை.

இங்கே இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் காட்டுக்கு வந்தாள், பையோடு. நான் சால்வையைக் காட்டினேன். பார்க்கவில்லை. கம்புக்குக் கீழே உட்கார்ந்தாள். முழுவதும் கேட்டாள். அது முடிந்து மறுபடி முதலில் இருந்து வந்தது, அதையும் கேட்டாள். ஒரு கிளி இல்லை காட்டில். நான் சொன்னேன், “பார்த்தியா, ஒண்ணு இல்லை.” அவள் தலையைத் தூக்கி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கடைசில ஒண்ணு சொன்னேனே, அது எங்க?”

“வெட்டியாச்சு. அதுக்குக் கிளி பயப்படலை.”

திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன் அண்ணாச்சி, செல்போனில் கூடக் கை வைத்தேன். திட்டவில்லை. கஞ்சி குடித்தீர்களா என்று கேட்கவில்லை. எழுந்தாள், சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள், இந்தக் கல்லில் வந்து உட்கார்ந்தாள், அடுத்த புதூர் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். இன்றைக்குப் பதினேழு நாள்.

சண்டை என்றெல்லாம் இல்லை. சண்டை போட்டால்தானே சண்டை? தம்பி வீட்டில் இருக்கிறாள், தம்பி வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு மக்காச்சோளக் காடு, அங்கேயும் இந்தக் குரல்தான் ஓடுகிறது. ஒரு விதத்தில் பார்த்தால் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிற மாதிரிதான். காலை ஆறு மணியில் இருந்து என்னைத் திட்டிக்கொண்டுதானே இருக்கிறாள்?

நான் இங்கே வந்து உட்காருவது நிழலுக்காக. இந்த இடத்தில் இருந்து பார்த்தால் காடு முழுவதும் தெரியும். காலை வண்டிக்கு ஒரு தடவை, பத்தரை வண்டிக்கு ஒரு தடவை, சாயங்கால வண்டிக்கு ஒரு தடவை வருவேன். மற்ற நேரம் நிழல் சரியாக விழாது.

என்ன கேட்டீங்க? போய்க் கூட்டி வரலாமே என்றா?

நல்லாக் கேட்டீங்க. இந்த மெஷின் இருப்பதே அதற்குத்தானே! ஆபீசர் அம்மாவே மேடையில் சொன்னாங்க, இனிமேல் விவசாயி காட்டை விட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், காவல் வேண்டாம் என்று. சத்தியமான பேச்சு. போகலாம். நாலு நாள் கூடப் போகலாம்.

ஆனால் மெஷினை யார் பார்த்துக்கொள்வது?

சிரிக்காதீங்க. அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. கிளிக்கும் பழகிவிட்டது. முன்னே “ஏ மனுசா” என்றால் போகும். அப்புறம் சட்டை வரும் வரைக்கும் இருந்து பார்த்தது. இப்போது சட்டைக்கும் போவதில்லை, இறக்கையை மட்டும் ஒரு தடவை அடித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. இருபத்தாறு வருசம் கேட்டவன் மாதிரி கேட்கிறது.

வெட்டின அந்தத் துண்டில் என்ன இருந்தது என்றா? அதில் ஒன்றும் பெரியதாக இல்லை. கிளிக்கு உபயோகமில்லை. எனக்கு மனப்பாடம், அது வேறு விசயம். “கல்யாணத்துல ஒண்ணும் செய்ய வேண்டாம்ங்க. பேச வேண்டாம். சாப்பிட்டதும் வந்துரலாம். பஸ்ஸுல மட்டும் ஒருக்க என் பக்கத்துல வந்து உட்காருங்க. ஜன்னல் சீட்டு நீங்களே எடுத்துக்கிடுங்க.” அவ்வளவுதான். அப்புறம் மூக்கை உறிஞ்சுவாள். அவளுக்கு ஜன்னல் சீட்டு என்றால் உயிர். கல்யாணமாகி வந்த அன்றைக்கு மாட்டு வண்டியில் கூட ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். அதைப் போய் எனக்கு விட்டுத் தருகிறாளாம்.

அதோ வண்டி. எட்டரைக்கே வந்துவிட்டான் பாருங்க, டிரைவருக்கு என்னமோ. நில்லுங்க, முதலில் இறங்குகிறவங்க இறங்கட்டும். ஒரு பெரியவர்... ஒரு பிள்ளைக்காரி... அவ்வளவுதானா? பின் வாசலில் யாரும் இல்லையா? சரி. ஏறுங்க.

அண்ணாச்சி, ஒரு உபகாரம். புதூரில் மாரிக்கனி வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். சத்தம் வருகிற பக்கமாகப் போனாலே போதும். அவளைப் பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்க. பூ நன்றாகத் திரண்டிருக்கிறது. இல்லை, அதைச் சொல்லாதீங்க. கிளிக்குப் பழைய திட்டு பழகிவிட்டது, புதியதாக ஒரு தடவை வந்து திட்டிவிட்டுப் போகச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டட்டும். இந்தத் தடவை ஒன்றையும் வெட்ட மாட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டீங்களா? நல்லது. என்ன, பக்கத்தில் தட்டிக் காட்டுறீங்க? நானா? இப்பவா? இந்தச் சட்டையோடா? அந்த வெந்தயச் சட்டை வைக்கோலுக்கு மேலே கிடந்து வெயிலில் வெளுத்துப் போய்...

இருங்க. சத்தம் நின்றுவிட்டதா? கேட்கிறதா உங்களுக்கு? நடுவில் நின்றுவிட்டது, சட்டைக்கு முன்னாலேயே. பேட்டரி போயிருக்கும். ஐயோ, இறங்குகிறது பாருங்க, மூன்று ஏக்கரும் பச்சையாகிவிட்டது. கண்டக்டரே, ரைட் கொடுத்துராதே, ஒரு நிமிசம்... இல்லை, கொடு. நீ கொடு. நான் காட்டுக்குப் போகணும். ஏய்! ஏ மனுசா! காது இருக்கா உனக்கு, ஏய்!

அண்ணாச்சி! கேட்குதா? திட்டச் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்! அறுப்பு முடியட்டும், நான் வாரேன்னு சொல்லுங்க! ஜன்னல் சீட்டை அவளே எடுத்துக்கிடட்டும்னு சொல்லுங்க!